மூன்று தரம் கழுவ வேண்டிய சேறு

வீரையா இலங்கையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்தவர். இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாமில் நான்கு மாதம் கிடந்துவிட்டு, 1974இல் மனைவி கருப்பம்மாவோடும் அவள் தம்பி காத்தமுத்துவோடும் நீலகிரியின் மேற்கு ஓரத்திலிருக்கும் தேவாலாவுக்கு வந்து சேர்ந்தார். காகிதத்தில் எழுதியிருந்தது ஃபேக்டரி வேலை. கையில் கொடுத்ததோ காடு வெட்டும் கத்தி. அடைமழை பிடித்தால் அந்த வேலையும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டிக் கைவிட்ட தங்கச் சுரங்கங்கள் அங்கே உண்டு. அந்தப் பொந்துகளில் கல் எடுத்துத் திருட்டுத்தனமாகத் தங்கம் பிரிக்க, நெல்சன் என்பவர் பாழடைந்த கொட்டகை ஒன்றைப் பிடித்திருந்தார். எஞ்சின் தெரிந்த ஆள் என்று கேள்விப்பட்டு வீரையாவைத் தேடி வந்தார்.

இடித்த கல்மாவைத் தொட்டியில் கொட்டி, சுண்ணாம்பு கலந்த சயனைடு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தங்கம் அதில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைத் துத்தநாகச் சீவல் நிரப்பிய மரப்பெட்டிக்குள் மெதுவாக இறக்கினால், சீவலின் மேல் தங்கம் கறுப்புச் சேறாகப் படியும். பிறகு ஆசிட் ஊற்றித் துத்தநாகத்தைப் போக்கிவிட்டு, மிஞ்சியதை உருக்கலாம்.

"சேத்தை மூணு தரம் கழுவோணுமுங்க. சயனைடு ஒட்டியிருக்கறப்ப ஆசிட் பட்டா விஷக் காத்து கெளம்பீரும்" என்று நெல்சனே முதல் நாள் எச்சரித்தார்.

வீரையா பழைய பம்பைப் பிரித்துச் சரிசெய்தார். பெட்டிக்குத் தடுப்புகள் அடித்தார். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அன்றுதான் அவர் கையில் எண்ணெய்க் கறை பட்டது. தானும் தொழில் தெரிந்தவன்தான் என்ற நினைப்பு திரும்பியது. துணைக்கு வேறு யாரையும் நம்ப முடியாது என்று காத்தமுத்துவை அவரே கூட்டிப்போனார்.

முதல் சேறு எடுத்த நாள், மத்தியானத்திலேயே மழை இருட்டிக்கொண்டு வந்தது. காட்டிலாகா ஜீப் முக்குக்கு வந்துவிட்டது என்று யாரோ சொல்லிப்போக, நெல்சன் கதவையும் ஜன்னலையும் அடைத்தார்.

"ஒருக்கா கழுவுனது போதுமுங்க. ஆசிட்டை ஊத்தச் சொல்லுங்க."

"மூணு தரம்னு சொன்னீங்களே ஐயா?"

"ஜீப்பு வருதுங்கறேன், கணக்குப் பேசறீங்களா?"

வீரையா மறுபடி வாய் திறக்கவில்லை. இந்த வேலையும் போய்விடுமே என்று பயந்தார். கதவிடுக்கில் சாலையைப் பார்த்து நின்றார். காத்தமுத்து ஆசிட் ஜாடியைச் சாய்த்தான். சேறு நுரைத்துப் பொங்கியது.

"மச்சான், தலை சுத்துது..."

அவர் திரும்புவதற்குள் விழுந்துவிட்டான். நெல்சன் கதவைத் திறந்து வெளியே ஓடினார். வீரையா மூச்சை அடக்கிக்கொண்டு அவனை வெளியே இழுத்துப் போட்டார். மழை முகத்தில் அடித்தும் அவன் கண் திறக்கவில்லை. ஜீப் வரவே இல்லை.

நெல்சன் சொன்னார்: "மாரடைப்புன்னு சொல்லீருங்க. இல்லீன்னா உங்களைத்தான் மொதல்ல பிடிப்பாங்க. அக்கரையிலிருந்து வந்தவங்க, யாருங்க உங்களுக்குப் பேசுவாங்க?"

வீரையா அப்படியே சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனம் நம்பியது. கருப்பம்மாவும் நம்பினாள். நெல்சன் மறுவாரமே சேற்றை அள்ளிக்கொண்டு காணாமல் போனார்.

வீரையா மூன்று வருடம் அந்தப் பொய்யோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார். ஒவ்வொரு திதிக்கும் கருப்பம்மா, "நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டானே" என்று அழுவாள். மூன்றாம் திதியன்று அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் கத்தவில்லை. "நீங்க இன்னொரு வாட்டி வேணாம்னு சொல்லியிருந்தா, அவன் ஊத்தியிருப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊத்தியிருக்க மாட்டான்."

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் கோத்தகிரியிலிருக்கும் சித்தி வீட்டுக்குப் போனாள். வீரையா இரண்டு தடவை தேடிப் போனார், அவள் வாசலுக்கே வரவில்லை. மூன்றாவது தடவை போகவில்லை.

அதன் பிறகு பதினோரு வருடம் வீரையா காடு வெட்டினார். தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒருமுறை கூப்பிட்டார்கள்.

"எனக்கு அந்த வேலை தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார்.