கொசுவும் வடிகாலும் ஒரே வகுப்பில்

நகராட்சிக் கட்டடத்தின் முதல் மாடியில் அவர் சுகாதார அதிகாரி. இரண்டாம் மாடியில் அவர் மனைவி வடிகால் பொறியாளர். காய்ச்சல் பரவினால் அவர் வடிகாலைத் திட்டுவார். வடிகால் அடைத்தால் அவள் குப்பையைத் திட்டுவாள்; குப்பை அவர் பொறுப்பு. அதனால் கல்யாணமான புதிதிலேயே வீட்டுக்குள் ஆபீஸ் பேச்சு கூடாது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த வருடம் நிர்வாகம் இருவரையும் மாலை வகுப்பில் சேர்த்தது. தட்பவெப்பம், சுகாதாரம், வீட்டுவசதி, நிதி என்று உலக நாடுகளின் பொதுக் கொள்கைகள் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதே பாடம்.

ஒரு நாள் ஆசிரியை பயிற்சிக்காக ஒரு கற்பனை நகரத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தார். ஆளுக்கொரு துறை, சொந்தத் துறை மட்டும் கிடையாது. அவருக்கு வடிகால் வந்தது, மனைவிக்குச் சுகாதாரம்.

"காய்ச்சல் வார்டுல படுக்கையே இல்ல. தண்ணி எப்பங்க வடியும்?" என்றாள் அவள். அவர் வருடாவருடம் கேட்கும் கேள்வி, அதே எரிச்சலோடு. இருவரையும் தெரிந்த வகுப்பு சிரித்தது.

அவர் காகிதங்களைப் புரட்டினார். வடிகாலை அகலப்படுத்தக் கரையோர வீடுகளை அகற்ற வேண்டும். அங்கிருப்பவர்களுக்கு வேறு வீடு தர வேண்டும். நிதித்துறையோ கையை விரித்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

"எனக்குத் தெரியல" என்றார் கடைசியில்.

பஸ்ஸில் திரும்பும்போது மெல்லக் கேட்டார்: "தினமும் இப்படித்தானா உனக்கு? யாராவது வந்து எப்பன்னு கேக்க, பதில் இல்லாம நிக்கிறது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த யாராவது பாதி நாள் நீங்கதான்."

அவர் அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் கரையோர வீடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டு வாசலைத் தாண்டி, கைகால் கழுவி, சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பேச்சு ஓடியது.

அடுத்த மழைக்கும் வடிகால் நிரம்பத்தான் செய்தது. ஆனால் இம்முறை அவர் புகார்க் கடிதம் அனுப்பவில்லை. தாமே மாடியேறிப் போனார். குப்பை அள்ளும் ஆட்களும் வடிகால் ஆட்களும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள். காய்ச்சல் வந்தது, கொஞ்சம் குறைவாக.

தேர்வில் அவள் தேறினாள். அவர் நிதிப் பாடத்தில் கோட்டை விட்டார். மறுபடி வகுப்புக்குப் போயாக வேண்டும். முதல் நாள் மாலை பெஞ்சின் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து திரும்பினார்.

"நீ எதுக்கு வந்தே? நீதான் பாஸாயிட்டியே."

"நகந்து உக்காருங்க" என்றாள் அவள்.