குறைந்துகொண்டே வந்த சி-த்ரீ

என் மனைவிக்கு வந்தது, உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடித்துக்கொள்ளும் நோய். முதலில் விரல் மூட்டுகள் வீங்கின. பிறகு கன்னம் சிவந்து தடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரியிலிருந்து பஸ் ஏறித் திருப்பதியில் ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். ரிப்போர்ட் கூரியரில் வீட்டுக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரம்மாவிடம் போக வேண்டும்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். எண்கள் மட்டும் தடுமாறாமல் படிப்பேன். பவர்லூம் வேலைக்கு அது போதும். தெருவில் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் மகளும் அங்கேதான் இருந்தாள். கேட்டால் பயந்துவிடுவாள் என்று ரிப்போர்ட்டை நானே பார்ப்பேன். டாக்டரம்மா எப்போதும் சி-த்ரீ என்ற வரியின் கீழே பேனாவால் கோடு போடுவார். ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் என்று சொல்லியிருந்தார். மேற்கொண்டு கேட்க எனக்குக் கூச்சம்.

ஒரு முறை 92 என்று இருந்தது. அடுத்து 71. அதற்கடுத்து 58.

"இங்க பாருமே, கொறஞ்சிக்கினே வருது," என்றேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு பிரஷர். எண் இறங்கினால் நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அவள் முகம் மலர்ந்தது. ஸ்டீராய்டு மாத்திரையால் உப்பியிருந்த முகம். "நல்லா துன்னு கொழுத்துக்கினியேக்கா" என்று குழாயடியில் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

"அப்போ மாத்திர பாதி போதுமா மாமா?"

"போதும்னுதான் தோணுது."

டாக்டரிடம் போகவேண்டிய தேதியையும் தள்ளிப்போட்டோம். அன்று கோழி வாங்கிவந்து நானே குழம்பு வைத்தேன். காரம் அதிகம் என்று திட்டிக்கொண்டே இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் காலில் செருப்பு நுழையவில்லை. திருப்பதிக்கு ஓடினோம். டாக்டரம்மா கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. சிறுநீரைச் சோதித்துவிட்டு, "கிட்னிக்கு வந்திருக்கு. மாத்திரைய யாரும்மா குறைக்கச் சொன்னது?" என்றார்.

"நானேதான் மேடம்," என்றாள் அவள் உடனே. வெளி ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் தலைகுனிந்து திட்டு வாங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் மேடம் சொன்னேன். நம்பர் எறங்கிக்கினே வந்துது. நல்லதுன்னு நெனச்சிக்கினேன்."

டாக்டரம்மா திட்டுவதை நிறுத்தினார். "அய்யோ நாயனா, இது சுகர் இல்ல. உள்ள சண்டை நடந்தா இந்தப் புரோட்டீன் செலவாயிடும். இது ஏறினாத்தான் நல்லது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"கிட்னி பொழைக்குமா?" என்று நானே கேட்டேன்.

"பாக்கலாம். இப்பவாவது வந்தீங்களே."

பத்து நாள் வார்டில் இருந்தாள். மூன்று மாதத்தில் 66, ஆறு மாதத்தில் 81, பிறகு 97. சிறுநீரும் சரியானது, கிட்னி தப்பித்தது என்று டாக்டரம்மா சொன்னார்.

இப்போது ரிப்போர்ட்டில் எது ஏறணும், எது இறங்கணும் என்று வரிவரியாகக் கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை. மனைவி பின்னாலிருந்து சட்டையை இழுப்பாள்.

"எந்திரி மாமா, வெளிய எவ்ளோ பேர் நிக்கிறாங்க பாரு."