ஆட்டம் முடியட்டும், வண்டி நிற்கட்டும்

போன வருடத்துக்கு முந்தின வருடம், தாம்பரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன கையோடு, இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க இரண்டு மாதத் தன்னார்வப் பணி. சம்பளம் கிடையாது, சாப்பாடும் அறையும் உண்டு.

வீட்டில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்க்கட்டளையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு சாயங்காலம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். என் மகன் லேப்டாப்பை மூடிவிட்டான். அவன் லேப்டாப்பை மூடினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மா, உனக்கு என்ன ஆச்சு? முட்டி வலிக்குதுன்னு மாடிப்படியே ஏற மாட்டேங்குற, மலை ஏறப் போறியா? சர்வீஸ் பண்ணணும்னா இங்க பொழிச்சலூர்ல ஒரு ஸ்கூல் கூடவா இல்ல?"

"பொழிச்சலூர் எங்கயும் ஓடிடாதுடா. வந்து பாத்துக்கறேன்" என்றேன்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காலமெல்லாம் விசில் ஊதியவள், பெற்ற பிள்ளைக்குப் பயப்படுவேனா? நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று மருமகளிடம் என் காதுபடவே சொன்னான். நான் பாட்டுக்குப் பெட்டி கட்டினேன்.

வெளிநாடு, வெளிநாடு என்று போய் இறங்கினால், ஒரு பதினான்கு வயசுப் பெண் ஓடி வந்து, "பையக் குடுங்க டீச்சர், நான் தூக்கிட்டு வாறேன்" என்கிறாள். அத்தனை பேரும் தமிழ். பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து தேயிலை நடப் போனவர்களின் பிள்ளைகள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அதை லயம் என்கிறார்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் மலைப் படியில் ஏறிய வேகத்தைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன், இவள்தான் நம் டீமுக்குக் கேப்டன் என்று.

என்னை அனுப்பிய தொண்டு நிறுவனம் ஒரு மூட்டை நிறையப் பந்து கொடுத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் ஆசை ஆசையாக ஒன்றை எடுத்து வீசினேன். ஒரு பெண் பிடிக்கத் தவறினாள். பந்து தேயிலைச் செடிக்கு நடுவே உருண்டது, குதித்தது, அப்புறம் கண்ணுக்கே தெரியவில்லை. "அது ஆத்துக்குப் போயிருச்சு டீச்சர்!" என்று எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் மூட்டை காலி. ஏசி ரூமில் உட்கார்ந்து மலைக்குப் பந்து வாங்கி அனுப்பிய புண்ணியவானை நினைத்து எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பந்து இல்லையென்றால் என்ன, கோ-கோ இருக்கிறதே! எட்டுப் பேர் வரிசையாக, ஆளுக்கு ஒரு திசை பார்த்துக் குந்த வேண்டும். ஒருத்தி எதிர் டீமைத் துரத்த வேண்டும். களைத்துப்போனால் உட்கார்ந்திருப்பவள் முதுகைத் தொட்டு "கோ" என்று கத்தினால், அவள் எழுந்து ஓடுவாள், தொட்டவள் அந்த இடத்தில் குந்துவாள். காலணா செலவில்லாத விளையாட்டு. தேவை கொஞ்சம் சமதரை மட்டும்தான்.

அந்த மலையில் அதற்குத்தான் பஞ்சம். தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே ஓர் இடம் கிடைத்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சாயங்காலம் மூட்டையைக் கொண்டு வந்து நிறுத்துக் கொடுக்கும் கொட்டகை. மடுவம் என்று பெயர். அதன் முன்னால் லாரி திரும்புவதற்காகப் பாதையைச் சமமாக்கி வைத்திருந்தார்கள். தோட்டத்தின் மேனேஜரை அங்கே பெரிய துரை என்பார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். தாராளமாக விளையாடட்டும் என்று சொல்லிவிட்டார்.

பெண் பிள்ளைகள் அந்தப் பாதையில் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! மற்ற நேரம் அதிகம் பேசாத கேப்டன் பெண் "கோ!" என்று கத்தினால் எதிர் மலை திருப்பிக் கத்தும். தோட்டத்துப் பள்ளியில் வருடா வருடம் விளையாட்டு விழா உண்டு. பையன்களுக்குக் கிரிக்கெட், ஓட்டப்பந்தயம் எல்லாம். பெண்களுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து வாயில் கவ்விக்கொண்டு நடக்கிற போட்டி மட்டும். எலுமிச்சம்பழத்தை அங்கே தேசிக்காய் என்கிறார்கள். விழாவில் கோ-கோவையும் சேர்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கப் போனபோது அவர் கொஞ்சம் இழுத்தார். என் பின்னால் நின்ற கேப்டன் முன்னால் வந்தாள்.

"தேசிக்காயக் கரண்டியில வச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருசம் சார் நாங்க நடக்குறது?"

தலைமை ஆசிரியர், ஒழுங்காகப் பழகிக் காட்டினால் சேர்க்கிறேன் என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! ஒரு நாள் சாயங்காலம், ஆட்டத்துக்கு நடுவே ஒரு ஜீப் வந்து நின்றது. உதவி மேனேஜர் இறங்கினார். சின்னத்துரை. என் மகனை விட வயதில் சிறியவர். என்னைப் பார்க்கவே இல்லை, பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்.

"இது வேல நடக்குற எடம். பொம்பளப் புள்ளைங்க ஆட்டம் போடுற எடம் இல்ல. நாளைக்கு இங்க யாரையாவது பாத்தா, அவங்க அம்மா அப்பாவுக்கு வேல குடுக்குறதா வேணாமான்னு நான் யோசிக்க வேண்டி வரும்."

"பெரிய துரை சம்மதிச்சிருக்கார் சார்" என்றேன்.

"தெனம் இந்தப் பாதையில வண்டியில போறது நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட்டால், "வம்பு வேண்டாம் மேடம், பிள்ளைகளை அறைக்குள்ளே வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்கள். பாட்டாம் பாட்டு! நாளைக்கு அந்த ஜீப்புக்கு முன்னால் நான் போய் நிற்கிறேன், என் மேலே ஏற்றட்டும் பார்க்கலாம் என்று அறையில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். கேப்டனின் அம்மா கதவைத் தட்டினாள். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். தலையில் ஈரம்கூடக் காயவில்லை.

"நீங்க சத்தம் போடாதீங்க டீச்சர். நீங்க ஏரோப்பிளேன்ல ஏறிப் போயிருவீங்க. ஏச்சு வாங்குறது நாங்கதான்."

சுருக்கென்றது. உண்மைதானே? நான் வீராப்புப் பேசிவிட்டுக் கீழ்க்கட்டளைக்கு வந்துவிடுவேன். அடுப்பு எரியாமல் போவது அவள் வீட்டில். "சரிம்மா, விட்டுடலாம்" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"விடுறதா? யாரு விடச் சொன்னா? எம் புள்ள சாமத்துலயும் கோ கோன்னு ஒளறுது. நீங்க விசில் மட்டும் ஊதுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலப் பெண்கள் மூட்டையோடு மடுவத்துக்கு இறங்கி வந்தார்கள். கொழுந்து நிறுக்கிற ஆள் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவர் வரும்வரை பாதையில் குந்திக் காத்திருப்பதுதான் அவர்கள் வழக்கம். தினம் கும்பலாக உட்காருவார்கள். அன்றைக்கு எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம், அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்துக் குந்தினார்கள். கேப்டனின் அம்மா மட்டும் எழுந்து நின்றாள். அவர்களுக்கு முன்னால் அவர்கள் பெற்ற பெண்கள் ஓடத் தயாராக நின்றார்கள். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் விசிலை ஊதினேன் பாருங்கள், அப்படி ஓர் ஊதல் என் சர்வீஸிலேயே ஊதியதில்லை.

ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் ஜீப் வந்தது. ஹாரன். யாரும் அசையவில்லை. சின்னத்துரை தலையை வெளியே நீட்டினார்.

"என்ன இது?"

"கொழுந்து நிறுக்கக் காத்திருக்கோம் தொரை" என்றாள் வரிசையில் முதலில் இருந்தவள். "எப்பவும் குந்துற எடம்தானே."

"புள்ளைங்களுக்கு இங்க என்ன வேல?"

"அம்மாவத் தேடி வந்திருக்குங்க. வரப்படாதா?"

அதற்குள் கேப்டனின் அம்மா, இடுப்பில் கட்டிய சாக்கோடு, வெறுங்காலோடு, சொந்த மகளையே துரத்திக்கொண்டு ஜீப்பின் மூக்கை உரசித் திரும்பினாள். மகள் வளைந்து தப்பினாள். மூச்சிரைக்க அம்மா, குந்தியிருந்த ஒருத்தியின் முதுகில் அடித்து "கோ!" என்றாள். எழுந்தவளுக்கு இரண்டு மடங்கு உடம்பு. அவள் ஓடியதைப் பார்த்து ஜீப் டிரைவரே சிரித்துவிட்டான். மறுபடியும் ஹாரன், இந்த முறை நீளமாக. குந்திய இடத்திலிருந்தே கேப்டனின் அம்மா சொன்னாள்.

"ஆட்டம் முடியட்டும் தொரை."

சின்னத்துரை முதல் தடவையாக என்னைப் பார்த்தார். விசில் என் வாயில் இருந்தது. ஊதினால் எல்லாம் முடிந்துவிடும், வண்டி போய்விடும், ஒருவருக்கும் வம்பில்லை. பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் ஊது என்ற கெஞ்சல் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. நேரம் முடியாமல் நான் என்றைக்குமே விசில் ஊதியவள் இல்லை. அன்றைக்கு மட்டும் ஊதுவேனா? அவர் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்ததும் ஊதினேன். பெண்கள் நிதானமாக எழுந்து, சேலையைத் தட்டி, மூட்டையை ஓரமாக இழுத்து வழி விட்டார்கள். "போயிட்டு வாங்க தொரை" என்று ஒருத்தி மரியாதையாகவே சொன்னாள்.

மறுநாள் காலை, அவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்று பார்க்க நானும் போனேன். வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தைப் பெரட்டு என்பார்கள். எப்போதும் தனித்தனியாக வருகிற பெண்கள் அன்றைக்கு மொத்தமாக வந்து நின்றார்கள். ஒருத்தியைத் திருப்பி அனுப்பினாலும் ஒருத்தியும் மலை ஏறுவதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். மழை பெய்து கொழுந்து மளமளவென்று வளர்ந்திருந்த சமயம், இரண்டு நாள் விட்டால் முற்றிப்போகும். சின்னத்துரைக்கும் அது தெரியும். எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அப்புறம் அந்தப் பாதையில் ஆட்டம் நிற்கவே இல்லை.

விழாவில் கோ-கோ நடந்தது. தேசிக்காய்க் கரண்டியை அந்த வருடம் அப்பாக்கள் வாயில் கொடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பினேன். எங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்குள் கால் வைத்ததும் கண்ணில் பட்டது, இரண்டு பிளாக்குக்கும் நடுவே இருக்கும் போர்டு: "இங்கே விளையாடக் கூடாது." அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடியிருப்புப் பெண் பிள்ளைகளையும், வாசலில் இஸ்திரி போடும் அக்காவின் மகளையும் கூட்டி, அந்தப் போர்டுக்கு நேர் எதிரே சுண்ணாம்புக் கோடு போட்டேன். ஒரு ஆள் குறைந்தது. எனக்கோ முட்டி மடங்காது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து வரிசையில் போட்டு நானே உட்கார்ந்துவிட்டேன்.

அசோசியேஷன் செகரட்டரியின் கார் வந்தது. ஹாரன். "மேடம், டீச்சரா இருந்துட்டு நீங்களே ரூல்ஸை பிரேக் பண்ணா எப்படி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்திரி அக்கா பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"இன்னா சார், ஒரு அஞ்சு நிமிசம் நின்னா குடியா முழுகிப் பூடும்? எம் பொண்ணு இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்குது. மேடம், நவுருங்க, நானும் குந்திக்கிறேன்."

செகரட்டரியின் காருக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. என் மகனுடையது. அவனும் ஹாரன் அடிப்பான் என்று நினைத்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி வந்து, "இன்னும் எவ்வளவு நேரம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

போர்டு இன்னும் அங்கேயே இருக்கிறது, அசோசியேஷனிலிருந்து இரண்டு தடவை எச்சரிக்கையும் வந்துவிட்டது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாரன் கேட்கும்போதெல்லாம், அந்த மலையில் குந்தியிருந்த எட்டுப் பேரும் என் நாற்காலிக்கு முன்னும் பின்னும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், நேரம் மிச்சம் இருந்தால் எழுந்திருப்பதில்லை.