விட்டுப்போன கம்பு

வெள்ளறடைச் சபைமேட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் செம்மண் பாதை மழைக்காலத்தில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். லீவில் வந்திருக்கும் நாட்களில் சஜன், அடுத்த வீட்டுப் பிச்சம்மாளுக்கு முன்னால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்குவான். கை நீட்டமாட்டான். அவள் சறுக்கினால் அவன்மேல்தான் விழுவாள்.

“என்னலே, ஞண்டு கணக்கா எறங்குதே?”

“பட்டாளத்து நடையாக்கும் மாமி.”

பட்டாளத்தில் அவனுக்குப் பனிமலைதான் வேலை. காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, நட்டிருக்கும் கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து பாயவேண்டும். சீக்கிரம் அடிவாரம் சேருகிறவனுக்கு மெடல். காஷ்மீரத்தில் அவனும் மெடல் வாங்கிய வருஷங்கள் உண்டு.

ஊரில் இதை யார் நம்பினார்கள்? அவன் அக்கா லீலாபாயின் கணவர் சுந்தரதாஸ் விழுந்து விழுந்து சிரிப்பார்.

“சறுக்குததுக்குச் சர்க்கார் சம்பளமா? ரப்பர் தோட்டத்துல நான் தெனமும் சும்மாயில்லா சறுக்குதேன்!”

அவன் போட்டோ காட்டினான். தலையில் ஹெல்மெட், கண்ணை மறைத்த பெரிய கண்ணாடி, மூக்குவரை துணி.

“இதுல நீ எங்கலே இருக்கே?” என்றார் அத்தான்.

லீலாபாய்க்குச் சந்தேகமே இல்லை. சின்னதில் அவன் கமுகம்பாளையில் உட்கார்ந்து இதே மேட்டில் சறுக்கும்போதும் இடது தோள் இப்படித்தான் சாயும். பாளையைத் திரும்ப மேலே இழுத்துவந்தவள் அவள்தானே! அந்தத் தம்பி பனியில் இறங்குவதை ஒருதரம் கண்ணால் காணவேண்டும். அவள் ஜெபத்தில் அது எப்போதும் இருந்தது.

மூட்டு தேய்ந்துபோன வருஷம் அவன் போனில் கூப்பிட்டான். “இதுதான் கடைசிப் பந்தயம் அக்கா. போன்ல காட்டுவாவ, ரெஷ்மாட்ட சொல்லு.”

மகள் ரெஷ்மா போனைச் சோற்றுப்பானைமேல் சாய்த்து வைத்தாள். ஒரே மாதிரி ஹெல்மெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன.

“இவன்தான்!” என்றாள் லீலாபாய். தோள் சாய்ந்திருந்தது.

பாதி மலையில் அவன் விழுந்தான். ஒரு கம்பைத் தாண்டிச் சறுக்கிப்போய்க் கிடந்தான். எழுந்தவன் கீழே பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக ஊன்றி, விட்டுப்போன கம்புக்கு ஏறத் தொடங்கினான்.

“நேரமெல்லாம் போச்சே, இனி எதுக்கு ஏறுதான்?” என்ற சுந்தரதாஸ் அப்புறம் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறி, அந்தக் கம்பைச் சுற்றி, சஜன் அடிவாரம்வரை இறங்கினான். எல்லாரிலும் கடைசி. லீலாபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

அடுத்த மார்கழியில் புது ஆட்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்கப் போனான். அங்கேயே நெஞ்சுவலி வந்து கர்த்தர் அவனை எடுத்துக்கொண்டார். இப்போதும் மழை பெய்தால், சபைமேட்டில் லீலாபாய் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள்.

அந்த மார்கழியில் அவனை வழியனுப்பப் போன பாறசாலை ஸ்டேஷனில், ரயில் வந்து நிற்கும்போதுதான் அவளுக்குக் கேட்க வாய்த்தது.

“தோத்தது தோத்தாச்சு மக்கா. அந்த வலியோட திரும்ப ஏறணுமா?”

அவன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வாசலில் நின்று திரும்பினான்.

“ஒரு கம்பை விட்டா எறங்குனதா சேக்க மாட்டாவ அக்கா. அண்ணைக்கு நீயில்லா பாத்துட்டு இருந்தே.”