மாடி குடித்த தண்ணீர்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ராசாத்தாள் கதை கட்டுகிறவள் அல்ல. அதிகம் பேசுகிறவளே அல்ல.

1936, சித்திரை. கோயம்புத்தூர் ராஜவீதிக்குப் பின்னால், காலமான கணவர் அவளுக்கு விட்டுப்போன வீடு. நூறு வருஷத்துக் கட்டடம். தேக்கு உத்தரம், சுண்ணாம்புத் தளம், பட்டப்பகலிலும் இருண்ட அறைகள். மகன் அப்புசாமிக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. மழைக்காலத்துக்குள் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றாவிட்டால் பையன் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே மொட்டைமாடியில், புது மோஸ்தரில் ஓர் அறை. பழைய தளத்தின்மேல் முதலில் சிமெண்டுக் காங்கிரீட்டு போட்டார்கள்.

கணவரின் அக்காள் மயிலாத்தாள் மட்டும் ஒப்பவில்லை.

"மாடி வேண்டாங் கண்ணு."

காரணம் சொல்லவில்லை.

சிமெண்டு இறுகும்வரை மண்ணால் சிறு பாத்திகள் கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். காய்ந்தால் தளம் வெடிக்கும். மேஸ்திரி ஞானமுத்து காலையில் நிரப்பிவிடுவார். மதியம் பார்த்தால் கைப்பிடிச் சுவரோரப் பாத்தி ஒன்று மட்டும் வறண்டு கிடக்கும். மற்றவை ததும்பும். கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

"எங்க சித்தப்பன் கள்ளுக் குடிக்கிறாப்பல குடிக்குதுங்க அம்மிணி, உங்க மாடி!" என்று சிரித்தார் ஞானமுத்து.

மறுநாள் அவர் சிரிக்கவில்லை. ஈரமண் வரப்பில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. சின்னக் கைகள். குனிந்து ஊன்றினாற்போல...

ராசாத்தாள் தானே காவல் இருந்தாள். உரும நேரம். ஆட்கள் சோற்றுக்கு இறங்கிவிட்டார்கள். மாடிக் கதவை ஒட்டிய நிழலில் உட்கார்ந்தாள். உச்சி வெயில். காற்று இல்லை. தெருச் சத்தம்கூட நின்றுபோனது.

சளப்...

சுவரோரப் பாத்தியில் நீர் நடுங்கியது.

சளப்... சளப்...

நாய் நக்குகிற சத்தம். நாய் இல்லை. யாருமே இல்லை.

தண்ணீர் இறங்கியது. தரை தெரிந்தது. சத்தம் நின்றது.

அடுத்த பாத்தியில் கேட்டது.

அதற்கடுத்தது... இன்னும் அருகில்.

எழுந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. படிப்பக்கம் தாழ் விழுந்திருந்தது.

பிடரியில் ஒரு மூச்சு.

சில்லென்று இல்லை...

காய்ச்சல் சூடு.

"இன்னுங் கொஞ்சம்..."

அவள் அலறியதைக் கேட்டு ஞானமுத்து ஓடிவந்து தாழை நீக்கினார்.

"யாருங்க அம்மிணி இதப் போட்டது? நாங்க அத்தனை பேரும் கீழயல்ல இருந்தோம்!"

மறுநாள் அவள் யாரையும் மேலே ஏறவிடவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை.

மதியம் அப்புசாமிக்கு மருந்து கொடுக்கப் போனாள். கட்டிலருகே நிரப்பி வைத்திருந்த கூஜா காலி.

"அத்தனையும் நீயா குடிச்சே கண்ணு?"

"இல்லீங்கம்மா. ஒரு அம்மா வந்து குடிச்சாங்க. இன்னும் வேணுமாமா..."

வாசலில் நின்ற மயிலாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லாத்தா..."

ராசாத்தாளுக்குத் தெரிந்த பெயர்தான். கணவருக்கு முதல் தாரம். பிரசவத்தில் போனாள் என்று சொல்லித்தான் இவளைக் கட்டிவைத்தார்கள்.

"பிரசவமில்ல கண்ணு... பிளேக்கு. சோதனைக்காரங்க வந்தா குடும்பத்தையே முகாமுக்குக் கொண்டுபோயிருவாங்கன்னு, அவள மாடியில ஒளிச்சு வெச்சுத் தாழ் போட்டோம். அப்பறம் ஊரே காலியாச்சு. நாங்களும் தோட்டத்துச் சாளைக் குடிசைக்குப் போயிட்டோம். எப்படியும் அன்னிக்கே அவ உசுரு போயிரும்னு நெனச்சோம்..."

ராசாத்தாள் கட்டிலில் கிடந்த மகனைப் பார்த்தாள். குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

பின்னாலிருந்து மயிலாத்தாளின் குரல் மட்டும் வந்தது.

"திரும்பி வந்து தொறந்தப்ப, கைப்பிடிச் செவுத்துல சுண்ணாம்பே இல்ல கண்ணு. வாய்க்கு எட்டுன எடமெல்லாம்... செங்கல் தெரிஞ்சுது."