மூலை வெட்டிய கார்டு

ஆண்டு 1977. அதில் சந்தேகமில்லை, நான் ஆசிரியராகச் சாயர்புரத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு அது. மாதத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அக்காள் வீட்டில் தவக்காலத்துக்காகக் கறி எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே பிப்ரவரிக் கடைசியாகவோ மார்ச்சாகவோ இருக்கலாம். கிழமை சனி. சனிக்கிழமைகளில்தான் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு, அக்காள் வீட்டுக்கு வருவேன்.

அத்தான், கப்பல் சரக்கை அளந்து சான்று கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் சர்வேயராக இருந்தார். கப்பலில் கொட்டிய உப்பை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கப்பல் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று படகில் சுற்றிவந்து பார்த்து, கடல்நீரின் அடர்த்தி, கப்பலின் முன்பின் சாய்வு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எடையைக் கண்டுபிடிக்க வேண்டும். அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டி அத்தானுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். முதலாளி சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த கால்குலேட்டர் ஒன்று அங்கே இருந்தது. அதில் புரோகிராம் எழுதலாம், எழுதியதைக் காந்தப் பூச்சுள்ள சின்ன கார்டில் சேமித்தும் வைக்கலாம் என்றார்கள். எழுதத்தான் யாருக்கும் தெரியவில்லை. அத்தான் அதில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை நான் அத்தானோடு அலுவலகத்தில் இருந்தபோது உப்புக் கப்பல் ஒன்றின் சீஃப் ஆபீசர் அங்கே வந்தார். பக்கத்துத் தருவைகுளத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அதே வகைக் கால்குலேட்டர் கப்பலில் அவரிடமும் இருந்தது. பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் கிழித்த அளவு. அதை அலுவலக மெஷினின் ஒரு பக்கத்தில் வைத்ததும் உள்ளே மோட்டார் முனகி இழுத்து, மறுபக்கம் வெளியே தள்ளியது. சில எண்களை அழுத்தினார். எடை வந்துவிட்டது.

"கார்டுதான் வெளிய வந்துட்டே சார், இப்ப உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கார்டுல உள்ளது பூரா உள்ள இருக்கு."

"அப்ப கார்டுல?"

"கார்டுலயும் இருக்கு."

"வாத்தியாருக்கு வெளங்கலை" என்று அத்தான் சிரித்தார். அவருக்கு விளங்கியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் புரோகிராமை ஆபீசர் ஒரு வருடக் கப்பல் பயணங்களில் தானே எழுதித் திருத்தியிருந்தார். "சாயங்காலம் வரைக்கும் வச்சு உங்க கணக்கோட ஒத்துப் பாருங்க, அண்ணாச்சி. படி மட்டும் எடுத்துராதீங்க. பம்பாயில கம்பெனிக்காரங்ககிட்ட இதைக் காட்டித்தான் கரையில ஒரு வேலை கேக்கணும். என் பிள்ளை என்னைப் பாத்து மாமான்னு கூப்பிடுது."

அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் அத்தான் படி எடுத்துவிட்டார். மெஷினில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் கார்டைப் படிக்கும், மறுபக்கம் தள்ளினால் கார்டில் எழுதும். அத்தான் ஆபீசரின் கார்டைச் செருகிப் படிக்க வைத்து, ஸ்விட்சை மாற்றி, வெற்றுக் கார்டு ஒன்றில் எழுத வைத்தார். பிறகு கத்தரிக்கோலால் புதுக் கார்டின் மூலையை வெட்டினார். மூலை வெட்டினால் அதன் மேல் வேறு எதையும் எழுத முடியாதாம். பாட்டரி வீணாகக் கூடாதென்று மெஷினை அணைத்தார்.

"இது களவுல்லா, அத்தான்?"

"எது களவு? அவர் கார்டு அங்கனயே இருக்கு. அதுல ஒரு எழுத்து குறைஞ்சிருக்கா?"

"படி எடுக்கக் கூடாதுன்னாரே."

"நீ லைப்ரரி புஸ்தகத்துல பக்கம் பக்கமா எழுதி எடுக்கியே, அது என்ன?"

பரீட்சையில் பார்த்து எழுதிய பையனை முந்திய வாரம்தான் வெளியே அனுப்பியிருந்தேன். அதையும் இதையும் சேர்த்து யோசித்ததில் எந்தப் பக்கமும் ஒட்ட முடியவில்லை.

மாலையில் ஆபீசர் திரும்பி வந்தார். புரோகிராமில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டுமென்று மெஷினைப் போட்டுக் கார்டைச் செருகினார். கார்டு வெளியே வந்தது. எண்களை அழுத்தினார். பூஜ்யம். மறுபடி அழுத்தினார். பூஜ்யம்.

"ஸ்விட்ச் எப்படி எழுதுற பக்கம் இருக்கு?" என்றார் மெல்ல.

காலையில் அத்தான் ஸ்விட்சைத் திருப்பி வைக்க மறந்திருந்தார். அணைத்த மெஷினுக்குள் எதுவும் தங்காது. அந்த வெறுமையைத்தான் அது அவர் கார்டின் மேல் எழுதியிருந்தது. அடிக்கடி திருத்துவதால் அவர் தம் கார்டின் மூலையை வெட்டவில்லை. பேப்பரில் அவர் எழுதி வைத்திருந்ததோ திருத்தங்களுக்கு முந்திய பழைய புரோகிராம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் இருந்த மாதிரியேதான் இருந்தது.

அத்தானின் கை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. மறுபடி போனது. மூலை வெட்டிய கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

"உங்களுதுதான்... படி."

ஆபீசர் ஸ்விட்சை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அதைச் செருகினார். எடை வந்தது. முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"உங்களைத் திட்டவா கும்பிடவான்னு தெரியல அண்ணாச்சி. வேற படி இருக்கா?"

"சத்தியமா இல்ல, சார்."

"ஏன் இல்ல? எடுத்ததுதான் எடுத்தீங்க, ரெண்டா எடுத்திருக்கக் கூடாதா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆபீசர் தம் பழைய கார்டில் புரோகிராமைத் திரும்ப எழுதி, கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி அதன் மூலையையும் வெட்டினார். இப்போது இரண்டும் ஒன்றுபோல இருந்தன. எது அவருடையது என்று அவரே கொஞ்ச நேரம் தயங்கினார். ஒன்றைப் பர்ஸில் வைத்து, மற்றதை அத்தான் கையில் கொடுத்தார். "கப்பல்ல ஒண்ணு, கரையில ஒண்ணு. உங்ககிட்டயே இருக்கட்டும். உபயோகிக்கக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது வேறொரு கப்பல் வந்திருந்தது. அத்தான் அட்டவணைகளைப் பரப்பி வைத்துக் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கார்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"அதைச் செருகினா ஒரு நிமிசத்துல முடியுமே, அத்தான்?"

"அது இன்னொருத்தர் பொருள்லா."

"போன வாரம் வேற மாதிரி சொன்னீங்க."

"போன வாரம் அது எங்கிட்ட இருக்குன்னு அவருக்குத் தெரியாதுல்லா. சும்மாதான நிக்கே, அந்த எண்ணைச் சத்தமா வாசி, மாப்ளே."

மத்தியானம் வரை வாசித்தேன்.