மாந்துப் பானையும் பவளக் கம்மலும்

கரகோல் ஊர் கார் மெக்கானிக் ஜுமாதிலுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருஷம் கார்புரேட்டர் ஓட்டைகளை ஊதி ஊதியே போய்விட்டது. பெட்ரோலும் பழைய பல் பிரஷும்தான் ஆயுதம். வாயில் எந்நேரமும் பெட்ரோல் வாடை. மனைவி அனார்குல் பக்கத்தில் வராததற்கு அதுதான் காரணம் என்று நம்பினார். அவளும் மறுக்கவில்லை.

பிறகு ஒருநாள் புத்தி வேலை செய்தது. அவள் மாந்து என்னும் கறிக் கொழுக்கட்டை அவிக்கும் எஃகுப் பானையை நைசாகக் கிளப்பிக்கொண்டு போய், அடியில் நாலு அதிர்வுத் தட்டுகளைப் பசைபோட்டு ஒட்டி, சீனாவிலிருந்து வந்த போர்டு ஒன்றில் வயரைக் கொடுத்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் காது கூசும், தெருநாய்கள் ஓட்டமெடுக்கும். ஆனால் கரிப்பிடித்த கார்புரேட்டர் பத்தே நிமிஷத்தில் பளபளவென்று வெளியே வந்தது. அனார்குல் மூன்று மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும், பேசாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

எதிர்ப்பட்டறை தொய்கன்பாய் சும்மா இருப்பானா? தலைநகர் பிஷ்கெக் போய்க் கடை மெஷினே வாங்கி வந்தான். அதற்கு மூடி உண்டு, சூடேற்றி உண்டு, நிமிஷம் காட்டும் சிவப்பு எண்கள் உண்டு. ஜுமாதிலின் மெஷினுக்கு ‘சட்டி’ என்று பேர் வைத்தான். இவர் அதை ‘மூக்குக்கண்ணாடி கழுவுற டப்பா’ என்றார். இந்த லட்சணத்தில் இவர் மகள் ஐகுமிஷும் அவன் மகனும் காதலித்துத் தொலைத்தார்கள்.

பையன் வீட்டார் பெண் காதில் கம்மல் போட்டால்தான் சம்பந்தம் முடிவான மாதிரி. அந்த நாளும் வந்தது. தொய்கன்பாயின் மனைவி புருல்கான், நாலு தலைமுறை வெள்ளிக் கம்மலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நடுவில் சிவப்பாகப் பவளம். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு சம்பந்திகளும் முற்றத்துப் பட்டறையில் சண்டைக்கு நின்றார்கள். டப்பாவும் தெருவைத் தாண்டி வந்து சேர்ந்தது.

எந்த மெஷினுக்கு அடி பலம் என்று பார்க்க, ஆளுக்கொரு அலுமினியத் தாளை முக்கினார்கள். அரை நிமிஷத்தில் பானையில் போட்டது சல்லடையாகிவிட்டது. டப்பாவில் போட்டதில் நாலைந்து புள்ளிதான்.

“பாத்தீங்களா சம்பந்தி!”

“என்னத்தப் பாக்குறது? இந்த அடி அடிச்சா சாமானே அரிச்சுப் போயிரும். உங்க சட்டி கழுவல, கொலை பண்ணுது!”

“அப்படியா? இப்பக் காட்டுறேன்!” ஜெயித்த மிதப்பில் ஜுமாதில் உள்ளே போய்த் தட்டிலிருந்த கம்மலை அள்ளிக்கொண்டு வந்தார். “கருத்துக் கெடக்கு. ஒரே நிமிஷம்!”

“ஐயோ, வேணாம்!” என்று தொய்கன்பாய் அலறினான். பொறாமை என்று நினைத்து, பானைக்குள் போட்டார்.

வெள்ளி ஜொலித்தது. பவளம் இருந்த இடத்தில் இரண்டு குழி.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஐகுமிஷ் அழ ஆரம்பித்தாள். “பாவி மனுஷா! என் பானைய முழுங்குன, இப்ப மக வாழ்க்கையையும் முழுங்கிட்டியா?” என்று அனார்குல் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜுமாதில் சுவிட்சை அணைத்து, அடியில் துழாவி இரண்டு சிவப்புத் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பொடிப்பொடிக் கட்டங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: கார் பின்விளக்குக் கண்ணாடி! நிமிர்ந்து தொய்கன்பாயைப் பார்த்தார். அவன் கண் கெஞ்சியது. ஓஹோ, டப்பாவும் ஒருநாள் பவளம் தின்றிருக்கிறது; பெண்டாட்டிக்குத் தெரியாமல் இதை ஒட்டிவைத்திருக்கிறான்.

ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் ஜெயிக்கலாம். நாக்கு அரித்தது. அழுதுகொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“என் தப்புதான் சம்பந்தியம்மா. என் சட்டிதான் உதுத்துருச்சு. அஞ்சு நிமிஷத்துல ஒட்டித் தரேன்.” தன் மெஷினைத் தானே சட்டி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒட்டினார். புருல்கான் கம்மலைப் பெண்ணின் காதில் போட்டுவிட்டு, ஜுமாதில் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள்.

“கெட்டியா ஒட்டுனீங்களா சம்பந்தி? எங்க வீட்டுக்காரர் ஒட்டுனது ரெண்டு தடவ விழுந்துச்சு, அவருக்குத் தெரியாம நான்தான் திரும்ப ஒட்டி வச்சேன். பாவம், நான் இன்னும் பவளம்னு நெனச்சுக்கிட்டு இருக்கறதா நம்புறாரு.”